காத்தாபீசு சாமுண்டீஸ்வரி

பருத்திப்பட்டு சாமுண்டீஸ்வரிக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று பத்து வருஷம் ஒரு ஊரே நம்பியது. பேயும் இல்லை, பிசாசும் இல்லை. அவள் மனசைப் பிடித்தவன் ஒரு ஜீப் டிரைவர். அவனுக்கும் அவ்வளவு சாமர்த்தியம் கிடையாது. இவள்தான் போய்ப் பிடித்தாள். இதை அவளே வாய்விட்டு, அத்தனை பேர் எதிரில் நின்று சொன்னாள். ஒருத்தர் காதிலும் ஏறவில்லை. அவள் சொன்னதை அவள்தான் சொன்னாள் என்று அவளுடைய அண்ணனை நம்ப வைக்க அவள் பட்ட பாடு இருக்கிறதே, அது ஒரு பெரிய கதை. அதற்கெல்லாம் காரணம் ஒரு பல்கலைக்கழகத் துறை.

எண்பத்திரண்டாம் வருஷம், ஏரிக்கு மேற்கே பொட்டலாகக் கிடந்த நிலத்தில் அந்தத் துறை வந்து இறங்கியது. பக்தவத்சலம் என்று ஒரு பேராசிரியர். வெளிதேசத்தில் படித்துவிட்டு வந்தவர். வானத்தைப் பற்றிப் படிக்க ஒரு துறை வேண்டும் என்று மேலே இருக்கிறவர்களை நச்சரித்திருக்கிறார். அவர்களும் தொல்லை பொறுக்காமல், பட்டணத்தில் ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்த அறையைத் திறந்துவிட்டார்கள். மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்து எந்த வானத்தைப் பார்ப்பது? மனிதர் விடவில்லை. கம்பியும் கட்டடமும் இல்லாத வெட்டவெளி வேண்டும் என்று தேடித் தேடி ஆவடிப் பக்கம் வந்து சேர்ந்தார். சிமெண்டு ஓடு போட்ட ஒரு நீளக் கூடம், தள்ளி ஒரு இரும்புக் கதவு அறை, நடுவில் ஒரு பெரிய கம்பம். அவ்வளவுதான் துறை.

வாசலுக்குப் போர்டு எழுத ஆவடியிலிருந்து ஒரு பெயிண்டரைக் கூட்டி வந்தார்கள். அவன் ‘வளிமண்டல, விண்வெளித் துறை’ என்று எழுத வேண்டியதை, ‘வலிமண்டல’ என்று சிவப்புப் பெயிண்டில் எழுதிவிட்டுப் போய்விட்டான். மறு வாரமே மூட்டுவலிக்காரர்களும் இடுப்புவலிக்காரர்களும் வந்து வாசலில் குந்திவிட்டார்கள். அரசாங்கம் வலிக்குத் தனியாக ஆஸ்பத்திரி கட்டியிருக்கிறது என்று பூந்தமல்லி வரைக்கும் பேச்சு.

பேராசிரியர் வெளியே வந்து கும்பிட்டார். “இது வலி இல்லம்மா. வளி.”

“இன்னா சார் இது, வலி இல்ல வலின்றீங்க?” என்றாள் முன்னால் இருந்த கிழவி. ஊர் வாயில் இரண்டும் ஒன்றுதானே.

“வளின்னா காத்தும்மா! காத்து! நாங்க காத்தைப் பிடிச்சு ஆராய்ச்சி பண்றோம்.”

அந்த ஒரு வார்த்தைதான் கெடுத்தது. காற்று என்றால் அந்தப் பக்கத்தில் இரண்டு. ஒன்று வேர்வையை ஆற்றுவது. இன்னொன்று உச்சிப்பொழுதில் தனியாகப் போகிற பெண்களைப் பிடிப்பது. படித்தவர், அதுவும் அரசாங்கச் சம்பளக்காரர், காற்றைப் பிடிக்கிறேன் என்று தம் வாயாலேயே சொன்னால் எந்தக் காற்று என்று நினைப்பார்கள்? மூட்டுவலிக்காரர்கள் எழுந்து போனார்கள். பேய் பிடித்தவர்கள் வர ஆரம்பித்தார்கள். போர்டைத் திருத்தி எழுதினார்கள். அதை யார் படித்தது? காத்தாபீசு என்றே பெயர் நின்றுபோனது. ஆவடியில் பஸ் கண்டக்டரே “காத்தாபீசுலாம் இறங்கு” என்று கத்துவான்.

அந்தக் காத்தாபீசுக்குப் பெருக்கித் துடைக்க வந்தவள்தான் சாமுண்டீஸ்வரி.

அவள் புருஷன் லாரியில் கிளீனராக இருந்தவன். நெடுஞ்சாலையில் போய்ச் சேர்ந்துவிட்டான். குழந்தை குட்டி இல்லை. மாமியார் வீட்டில் ‘கிளம்பு’ என்று சொல்வதற்கு முன்னாலேயே கிளம்பி, அண்ணன் வரதன் வீட்டுக்கு வந்துவிட்டாள். வரதன் நல்லவன். நாலு எருமை, ஒரு துண்டு நிலம், ஊரில் தலை நிமிர்ந்து நடக்க வேண்டும் என்ற ஆசை, இவ்வளவுதான் அவன். தங்கையை வாய் ஓயாமல் திட்டுவான். திட்டிக்கொண்டே தட்டில் இன்னொரு கரண்டி போடுவான்.

சாமுண்டியால் ஒரு இடத்தில் இருக்க முடியாது. சோற்றை வடித்துவிட்டு வாசலுக்குப் போவாள், வாசலிலிருந்து கொல்லைக்குப் போவாள், கொல்லையிலிருந்து ஏரிக்கரைக்குப் போவாள். ஏன் போனாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. “செத்த குந்துடி! உன்ன பாத்துகினு இருந்தா எனக்கு தல சுத்துது” என்று கத்துவாள் அண்ணி பார்வதம். வீட்டில் சண்டை தாங்காமல்தான், காத்தாபீசுக்குப் பால் ஊற்றப் போன வரதன் பேராசிரியரிடம் சொல்லித் தங்கையை வேலைக்கு வைத்தான். அவ்வளவு பெரிய கூடத்தைப் பெருக்கினாலாவது கால் ஓயும் என்று நினைத்தான். கூடம்தான் சுத்தமானது. கால் ஓயவில்லை.

எண்பத்துநாலில் துறை பலூன் விட ஆரம்பித்தது. ஆளுயரத்துக்கு மேல் ஒரு வெள்ளை ரப்பர் பலூன். அதற்குக் கீழே சிவப்புத் துணியில் ஒரு குடை. அதற்கும் கீழே, நீள நூலில் கட்டின ஒரு வெள்ளைத் தெர்மோகோல் பெட்டி. பெட்டிக்குள் இருக்கிற கருவி மேலே எவ்வளவு சூடு, எவ்வளவு ஈரம் என்று போகிற வழியெல்லாம் ரேடியோவில் சொல்லிக்கொண்டே போகும். பலூன் உச்சிக்குப் போய் வெடிக்கும். குடை விரியும். பெட்டி ஆடி ஆடி எங்கேயாவது வந்து விழும். அது சீமைப் பெட்டி. எடுத்து வந்து பழுது பார்த்துத் திரும்பவும் விட வேண்டும், ஏழைத் துறைக்கு வேறு வழி இல்லை.

ஆனால் ஒரு பெட்டியும் திரும்பி வரவில்லை. காரணம் சொல்ல வேண்டுமா? சிவப்புத் துணி, வெள்ளைப் பெட்டி, சுற்றிச் சுற்றி நூல், அதுவும் காத்தாபீசிலிருந்து. கழிப்பு கழித்து முச்சந்தியில் வைக்கிறார்களே, அதே தோரணை. யாருக்கோ பிடித்த காற்றைப் பெட்டியில் அடைத்து ஆகாசத்தில் விடுகிறார்கள், அது நம் வயலில் வந்து இறங்குகிறது என்று முடிவு கட்டிவிட்டார்கள். திருமழிசைப் பக்கம் விழுந்த பெட்டியைத் துடைப்பத்தாலும் செருப்பாலும் அடித்து, மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார்கள். எடுக்கப் போன மாணவர்களை விரட்டி அடித்தார்கள்.

“உங்க ஊரு காத்த கொண்டாந்து எங்க ஊர்ல தள்றீங்களா? இன்னாங்கடா நினைச்சிகினு கீறீங்க?”

மாணவர்கள் செருப்பை விட்டுவிட்டு ஓடி வந்தார்கள். பேராசிரியர் கூடத்தில் நின்று, “யாராவது போய் எடுத்துட்டு வரணுமே” என்று கையைப் பிசைந்தார். துடைப்பத்தோடு நின்ற சாமுண்டி, “நான் போறேன் சார்” என்றாள்.

வீரம் என்று நினைக்க வேண்டாம். அவள் அதுவரைக்கும் ஜீப்பில் ஏறினதில்லை.

ஜீப்புக்கு டிரைவர் எட்மண்ட். ஆவடிக்காரன், பெண்டாட்டியைப் பறிகொடுத்தவன். நெட்டை, கொஞ்சம் தொப்பை, முன்நெற்றி வழுக்கை. ஆளைப் பார்த்து மயங்க ஒன்றும் இல்லை. ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போவான். அந்த வெள்ளைப் பெட்டியைக் கண்டால் இந்துவைவிட ஒரு படி அதிகமாகப் பயப்படுவான். வரப்பில் ஜீப்பை நிறுத்திவிட்டு நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டான்.

“நான் வண்டிய பாத்துக்கறேன் சாமுண்டிம்மா. நீ போய் எடுத்துகினு வா.”

“ஏன், வண்டிய எருமை மேஞ்சிடுமா?”

“இல்ல… பாம்பு கீம்பு கீதுன்னு சொன்னாங்க.”

“பாம்பு கீற வயல்ல என்ன தள்ளி உட்டுட்டு நீ குந்திகினு கீறியா? நல்லா கீதுய்யா உன் நியாயம்.”

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடந்தாள். ஊர்ச்சனம் வாய்க்கால் மேட்டில் நின்று பார்த்தது. பெட்டியைத் தூக்கி இடுப்பில் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டாள். சிவப்புத் துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி வந்தாள். தடுக்க ஒருவன் கூட கிட்ட வரவில்லை. அன்றைக்கே பேச்சு கிளம்பிவிட்டது: எல்லாக் காற்றும் அவளுக்குக் கட்டுப்பட்டது என்று ஒரு கட்சி, எல்லாக் காற்றும் அவள் மேல்தான் ஏறியிருக்கிறது என்று ஒரு கட்சி.

அதற்கப்புறம் பலூன் விடுகிற நாளெல்லாம் அவளுக்கு ஜீப். துடைப்பத்தை வேறு ஒருத்தி எடுத்துக்கொண்டாள். பின்சீட்டில் ஒரு ஆராய்ச்சி மாணவர், காதில் இரண்டு கிண்ணத்தைக் கவிழ்த்த மாதிரி மாட்டிக்கொண்டு, பெட்டி பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பார். அவருக்கு வேறு எந்தச் சத்தமும் காதில் விழாது. முன்சீட்டில் இவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டே போவார்கள். பூந்தமல்லி ரோடு, திருமழிசை, அதற்கும் அப்பால் பெயர் தெரியாத கிராமங்கள். பெட்டி எங்கே போகுமோ அங்கே போக வேண்டும். நாளைக்கு எந்தப் பக்கம் என்று இன்றைக்குத் தெரியாது. சாமுண்டியின் காலுக்கு ஏற்ற வேலை உலகத்தில் ஒன்றே ஒன்று இருந்தது. அது அவளுக்குக் கிடைத்தது.

“நீ ஏன் சாமுண்டி இன்னொரு கல்யாணம் கட்டிக்கல?” என்று ஒரு நாள் கேட்டான் எட்மண்ட்.

“கட்டிக்கறேன்னா யாரு கீறான்? நீ கட்டிக்கிறியா?”

அவன் ஜீப்பைப் பள்ளத்தில் விட்டான். பின்சீட்டு மாணவர் தலையில் இடித்துக்கொண்டு, “என்ன, விழுந்துடுச்சா?” என்றார்.

“இன்னும் இல்ல சார். ஆடிகினு கீது” என்றாள் சாமுண்டி.

இரண்டு வருஷம் அப்படி ஆடியது. அண்ணனிடம் வந்து கேள் என்று இவள் சொல்வாள். கிறிஸ்மஸ் போகட்டும் என்பான். கிறிஸ்மஸ் போனால் ஈஸ்டர். ஈஸ்டர் போனால் அக்கா சகாயமேரிக்கு உடம்பு சரியில்லை. அந்த அக்கா பாறாங்கல் மாதிரி இருந்தாள். இவனுக்குத்தான் முதுகெலும்பு கிடையாது. அவனை விட்டுத் தள்ள வேண்டியதுதானே என்றால், அது முடியவில்லை. அவன் சிரிக்கிற சத்தம் அவளுக்கு வேண்டியிருந்தது. பக்கத்தில் ஒரு ஆம்பிளை வாசனை வேண்டியிருந்தது. முப்பது வயசுப் பெண்ணுக்கு வேண்டாமா? வேண்டாம் என்று சொல்கிறவர்களெல்லாம் தாங்கள் நிம்மதியாகத் தூங்கி எழுந்தவர்கள்.

ஊருக்குக் கண் இருக்கிறதே. ஒரு நாள் காலையில் உத்தமன் டீக்கடையில் வரதன் டம்ளரை வாயில் வைத்தபோது, பெஞ்சில் இருந்த ஒருவன் கேட்டான்:

“இன்னா வரதா, உன் தங்கச்சி ஜீப்புல நல்லா காத்து வாங்கிகினு கீது போல?”

பெஞ்சே சிரித்தது. உத்தமன் டீயை ஆற்றிக்கொண்டே, “டேய், காத்து இது வாங்கல, காத்துதான் இத வாங்கிகினு போவுது” என்றான்.

வரதன் டீயைக் கீழே கொட்டிவிட்டு வீட்டுக்கு வந்தான். தங்கையை அடிப்பான் என்று பார்வதம் நினைத்தாள். அவன் அடிக்கவில்லை. ஒரு மூலையில் போய்ச் சாய்ந்துகொண்டான். பிறகு எழுந்து வந்து, “பார்வதம், இதுக்கு காத்து புடிச்சிருக்குது” என்றான். நிம்மதியாகச் சொன்னான். பேய் பிடித்த தங்கை என்றால் ஊர் பரிதாபப்படும். ஆம்பிளை வேண்டும் என்கிற தங்கை என்றால் அவன் டீக்கடைப் பக்கம் தலைகாட்ட முடியாது. இரண்டில் எது தேவலாம் என்று அவன் கணக்குப் போட்டுவிட்டான்.

அவள் ஜீப்பில் போவதை நிறுத்தினார்கள். வீட்டை விட்டு வெளியே விடவில்லை. பொன்னியம்மன் கோயில் பூசாரியைக் கூப்பிட்டு வேப்பிலை அடித்தார்கள். உடுக்கையை அடித்து, “யாரு நீ? சொல்லு, யாரு நீ?” என்று கேட்டான் பூசாரி.

“இன்னா பூசாரி, என்ன தெரியாது? போன மாசம் எங்க ஊட்லதான மோர் வாங்கி குடிச்ச?” என்றாள் சாமுண்டி.

ஆடவும் இல்லை, அழவும் இல்லை. பூசாரி வேர்த்துப்போய் உடுக்கையைக் கீழே வைத்தான். “இது நம்ம பக்கத்து காத்து இல்ல, வரதா. ஆபீசு காத்து. கட்டுனவனே அவுக்கணும். அங்க இட்டுகினு போ. அவங்க கைலயும் ஆவலன்னா தெக்க ஒரு ஊரு கீது. சங்கிலி போட்டு வெச்சிருப்பாங்க. எத்தினி நாளு ஆவும்னு தெரியாது, ஆனா அடங்கி வரும்.”

சங்கிலி என்றதும்தான் சாமுண்டி பயந்தாள். ஒரு கூடத்துக்குள்ளேயே குந்த முடியாதவள், சங்கிலியில் எப்படிக் கிடப்பாள்? கிடக்க மாட்டாள், செத்துப்போவாள். வெள்ளிக்கிழமை பஸ்ஸுக்குப் பார்வதம் மூட்டை கட்டத் தொடங்கிவிட்டாள். வியாழக்கிழமை பகலில் மூன்று பேரும் காத்தாபீசுக்கு நடந்தார்கள். நடுவில் சாமுண்டி, வரதன் அவள் மணிக்கட்டை விடவேயில்லை.

அன்றைக்குப் பார்த்து டெல்லியிலிருந்து பெரிய ஆட்கள் துறையைப் பார்க்க வருவதாக இருந்தது. இந்தத் துறை இருக்கலாமா, இழுத்து மூடலாமா என்று அவர்கள்தான் சொல்ல வேண்டுமாம். பேராசிரியர் புதுச்சட்டை போட்டுக்கொண்டு, தமக்குள்ளே பேசிக்கொண்டு, கூடத்துக்கும் கம்பத்துக்கும் நடந்துகொண்டிருந்தார். பலூனுக்கு வாயு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஜீப்புக்குப் பக்கத்தில் எட்மண்ட். இவர்களைப் பார்த்ததும் பானெட்டைத் திறந்து தலையை உள்ளே விட்டுக்கொண்டான்.

வரதன் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு போய் நின்றான். “ஐயா, என் தங்கச்சி மேல காத்து கீது. நீங்கதான் அத எடுத்து உடணும்.”

பேராசிரியர் நின்றார். எத்தனை வருஷமாக எத்தனை பேருக்கு விளக்கம் சொல்லியிருப்பார்? ஒருவன் நேராக வந்து காற்றைப் பற்றிக் கேட்கிறான். டெல்லிக்காரர்களிடம் சொல்லத் தயார் செய்து வைத்திருந்ததெல்லாம் அவர் வாயில் வந்து நின்றது.

“தங்கச்சி மேல மட்டுமா இருக்கு? உங்க மேலயும்தான் இருக்கு.”

வரதன் ஒரு அடி பின்னால் போனான். “எம்மேலயா?”

“எல்லார் மேலயும். உங்க தலைமேல ஒரு தூண் மாதிரி நிக்குது, மேகத்துக்கும் மேல வரைக்கும். ஒரு மாட்டுவண்டி பாரம் இருக்கும்.”

பார்வதம் உச்சந்தலையைத் தொட்டுப் பார்த்தாள். “அதான் எனக்கு எப்பவும் தலகனமா கீது.”

“பிறந்ததிலேருந்து இருக்குதும்மா. பழகிட்டதால தெரியலை.”

“எடுக்க முடியாதுங்களா சார்?” என்றான் வரதன்.

“எடுக்கறதா? எடுத்தா செத்துடுவாங்கப்பா! கொஞ்ச நேரம்கூடத் தாங்காது.”

வரதனும் பார்வதமும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பார்வதம் மெதுவாகக் கேட்டாள்: “அப்போ… அடைச்சி வெச்சி… கட்டிப் போட்டா?”

“அடைச்சு வெச்சா வெடிக்கும்.” பேராசிரியர் உற்சாகமாகப் பலூனைக் காட்டினார். “இது மேலே போகப் போக உள்ளே இருக்கற காத்து அடங்காது. விரிஞ்சு, விரிஞ்சு, கடைசியில டப்புனு போயிடும். உள்ளேயும் வெளியேயும் ஒரே அளவா இருந்தா யாருக்கும் தொந்தரவு இல்லை. அது போக வேண்டிய பக்கம் போகும். நாம அது எங்கே போகுதுன்னு பார்த்துக்கிட்டிருந்தா போதும். எங்க துறைக்கு வேலையே அதுதான்.”

சொல்லிவிட்டு, வாசலில் கார் சத்தம் கேட்டதும் திடுக்கிட்டுத் திரும்பினார். “சாமுண்டி, எங்கேம்மா போயிட்டே இத்தனை நாளா? அந்த நாற்காலியெல்லாம் கொஞ்சம் துடைச்சுடேன்” என்றபடி ஓடினார். அந்த மனிதருக்கு ஒன்றும் தெரியாது. தாம் ஒரு பெண்ணைச் சங்கிலியிலிருந்து அவிழ்த்துவிட்டோம் என்பது அவருக்குச் சாகிறவரைக்கும் தெரியாது.

வரதன் தங்கையின் கையை விட்டான். கொதிக்கிற பாத்திரத்தை விடுகிற மாதிரி விட்டான்.

பேசாமல் இருந்திருக்கலாம். அவள் பேசாமல் இருந்திருந்தாலே சங்கிலி போயிருக்கும், ஜீப் திரும்பியிருக்கும். ஆனால் பேய் என்ற பேரில் பிழைக்க அவளுக்கு மனசு வரவில்லை. நேராக ஜீப்புக்குப் போய், எட்மண்டின் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து, பானெட்டுக்குள்ளிருந்து வெளியே இழுத்தாள்.

“அண்ணாத்தே, கேட்டுக்க. எம்மேல காத்தும் இல்ல, கருப்பும் இல்ல. எனக்கு இந்தாளு வேணும். இவன் கிறிஸ்டியன்தான், பயந்தாங்குளிதான். எனக்கு தெரியும். இருந்தாலும் வேணும். சொல்றது நானு. சாமுண்டி.”

எட்மண்ட் கையில் கிரீஸோடு, “ஆமாண்ணா” என்றான். இரண்டு வருஷத்தில் அவன் செய்த ஒரே காரியம் அதுதான்.

அடிப்பான், திட்டுவான், ‘என் முகத்துல முழிக்காதடி’ என்று கத்துவான் என்று காத்திருந்தாள். வரதன் கையிலிருந்த துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டான். கையைக் கூப்பினான்.

“இந்தாளாண்டதான் போவணும்னு கேக்கறீங்களா? சரிங்க. போங்க. எங்க மேல கோவிச்சுக்காதீங்க.”

“யாருகிட்ட பேசற நீ?” என்று அலறினாள் சாமுண்டி.

“உங்களாண்டதாங்க” என்றான் வரதன்.

டெல்லிக்காரர்கள் துறை இருக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எட்மண்டுக்கும் அவளுக்கும் ரிஜிஸ்தர் ஆபீசில் கல்யாணம் ஆனது. சகாயமேரி வரவில்லை; வரவில்லை என்று இவளும் அழவில்லை. ஆவடியில் இரண்டு அறை வீடு. எட்மண்ட் சம்பள நாளில் குடிப்பான், மறுநாள் மன்னிப்புக் கேட்பான், ராத்திரி எருமை மாதிரி குறட்டை விடுவான். அவளுக்கு அதெல்லாம் குறையாகவே தெரியவில்லை.

குறை வேறு. ஆடி மாதம் பிறந்தால் வரதன் வந்து வாசலில் நிற்பான், உள்ளே வரமாட்டான். எலுமிச்சம்பழம், கற்பூரம், ஒரு தூக்குக் கூழ். “நல்லா கீறீங்களா? குறை ஒண்ணும் இல்லைங்களே?” என்பான். ரோட்டில் எதிரில் பார்த்தால் செருப்பைக் கழற்றிவிட்டு ஒதுங்கி நிற்பான். பேரைச் சொல்லிக் கூப்பிட்டவன், ‘ஏய், கய்தே, கேடு கெட்டவளே’ என்று வாய் நிறையத் திட்டினவன், ‘வாங்க, போங்க’ என்கிறான். கூடப் பிறந்தவன் வாயிலிருந்து மரியாதை வருவதைப் போல ஒரு தண்டனை உண்டா? அவள் கத்தினால், “கோவமா கீறாங்க” என்று இன்னொரு எலுமிச்சம்பழம் கொண்டு வருவான்.

ஒரு தரம் பார்வதத்தைப் பிடித்து நிறுத்திக் கேட்டாள். “அண்ணி, உனக்குமா தெரியாது?”

“எனக்கு தெரியும்டி. அன்னிக்கே தெரியும்.” பார்வதம் குரலைத் தாழ்த்தினாள். “ஆனா உங்க அண்ணன் டீக்கடைக்கு போய் வரணுமே. போறான், வர்றான். யாரும் ஒரு வார்த்த கேக்கறதில்ல. நீ ஏன் அத போய் கெடுக்கற?”

இதற்குள் துறையும் ஆள் மாறிக்கொண்டே வந்தது. கூடத்துக்குப் பக்கத்தில் குளிர்ச்சி மிஷின் வைத்த அறை ஒன்று கட்டி உள்ளே கம்ப்யூட்டர் வைத்தார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நுழைய வேண்டும். அதைப் பார்த்து ஊர்க்காரர்களுக்கு இருந்த கொஞ்ச நஞ்சச் சந்தேகமும் தீர்ந்துவிட்டது. மொட்டை மாடியில் பெரிய தட்டு ஒன்று வந்தது. ஆகாசத்தில் சுற்றுகிற சாட்டிலைட் எடுக்கிற மேகப் படத்தை அது இறக்கித் தரும். அப்புறம் எதற்குப் பலூன், எதற்கு ஜீப்? மாதத்துக்கு ஒன்று என்றாகி, பிறகு அதுவும் நின்றது; சாமுண்டி பழையபடி துடைப்பத்தைக் கையில் எடுத்தாள். படித்த பிள்ளைகள் ராக்கெட் விடுகிற இடங்களுக்கு வேலைக்குப் போனார்கள். சுற்றிலும் பிளாட் போட்டார்கள்; கம்பியும் கட்டடமும் கம்பம் வரைக்கும் வந்து நின்றன. பேராசிரியர் ஓய்வு பெற்றார். தொண்ணூற்றாறில், எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு துறை பட்டணத்துக்கே திரும்பிப் போனது. இந்தத் தரம் அடுக்குமாடிக் கட்டடமாம், உச்சி மாடியாம்.

லாரி போன மறுநாள் வரதன் ஆவடிக்கு வந்தான். ஆடி மாதம் இல்லை. கையில் எலுமிச்சம்பழமும் இல்லை. முதல் தடவையாக வாசல்படியைத் தாண்டி உள்ளே வந்தான். எட்மண்ட் எழுந்து நாற்காலியைத் தள்ளினான். வரதன் குந்தவில்லை.

“ஆபீசு போயிடுச்சி” என்றான்.

“தெரியும். நான்தான பெருக்கி உட்டேன்” என்றாள் சாமுண்டி.

“அப்ப…” அவன் அவள் முகத்தைக் கூர்ந்து பார்த்தான். பத்து வருஷத்தில் நரைத்துப் போயிருந்தான். “அப்ப அதுவும் போயிடுச்சா? கூடவே போயிடுச்சா?”

அவளுக்குப் புரிந்தது. போய்விட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். தங்கச்சி திரும்பக் கிடைத்துவிடுவாள். ஊருக்குக் கூட்டிக்கொண்டு போவான். அண்ணி வெந்நீர் வைப்பாள். பழையபடி திட்டு, பழையபடி இன்னொரு கரண்டி. எட்மண்ட்? அது பேய் கட்டின தாலி, பேயோடு போயிற்று என்று விடுவான்.

எட்மண்டும் இதைப் புரிந்துகொண்டான் போல. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, அவளையே பார்த்தான்.

“போவல” என்றாள் சாமுண்டி.

வரதன் கை தானாகக் கும்பிடப் போனது. அவள் அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

“கும்புடாத! போறதுக்கு எதுவும் வந்தாத்தான? அன்னிக்கி பேசனது நானு. இவன் வேணும்னது நானு. இன்னிக்கும் நான்தான் சொல்றேன். என் மூஞ்சிய பாரு. சின்ன வயசுல ஏரில தள்ளி உட்டியே, இந்த தழும்பு யாருதுன்னு பாரு. பேய்க்கா தழும்பு இருக்கும்?”

வரதன் பார்த்தான். தழும்பை விரலால் தொட்டுப் பார்த்தான். அவன் கழுத்து நரம்பு புடைத்தது.

“நீயா?”

“நானு.”

“அப்ப நீயாத்தான் சொன்ன? அத்தினி பேர் எதிர்ல, அவன் சட்டைய புடிச்சி இழுத்துகினு… நீயா?”

“ஆமா.”

“அடி செருப்பால! கய்தே! ஏண்டி, பத்து வருசமாடி! பத்து வருசமா உன்ன ‘வாங்க போங்க’ன்னு… உனக்கு கூழு ஊத்தி, கற்பூரம் கொளுத்தி… ரோட்ல செருப்ப கயட்டிகினு நின்னேனேடி உனக்கு! மானங்கெட்டவளே!”

“நான் அன்னிக்கே சொன்னேன் இல்ல?”

“நீ சொன்னா? நீ சொன்னா நான் நம்பணுமா? என்னிக்குடி நீ ஒழுங்கா ஒரு வார்த்த பேசியிருக்கற? எம் மூஞ்சில முழிக்காத! நீ செத்தாலும் வரமாட்டேன், நான் செத்தாலும் நீ வராத!”

நாற்காலியை எட்டி உதைத்தான். எட்மண்ட் சுவரோரம் ஒட்டிக்கொண்டான். வரதன் செருப்பை மாட்டிக்கொண்டு, தெருவில் இறங்கி, போகிற வழியெல்லாம் அவளையும் அவள் புருஷனையும் அவர்கள் ஜீப்பையும் அந்தப் பேராசிரியரையும் வரிசையாகத் திட்டிக்கொண்டே நடந்தான். எதிர்வீட்டு ஜன்னல்கள் திறந்தன.

சாமுண்டி வாசலுக்கு வந்தாள். உள்ளே போனாள். திரும்ப வாசலுக்கு வந்தாள். அடுப்பை அணைத்துவிட்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டாள்.

“எங்க போற?” என்றான் எட்மண்ட்.

“அவன் இன்னும் முழுசா திட்டி முடிக்கலய்யா” என்று சொல்லிவிட்டு, அண்ணன் போன பக்கம் ஓட்டமும் நடையுமாகப் போனாள்.